வால்பாறைக்கு இரண்டு பாதைகள்

பங்குனி பிறந்துவிட்டால் பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் சாலையில் வெளியூர் வண்டிகள் பெருகிவிடுகின்றன. தென்னந்தோப்புகள் வரைக்கும் சமவெளி. அணையையும் வனத்துறைச் சோதனைச் சாவடியையும் தாண்டினால் ஏற்றம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று திரும்பிப் பார்த்தால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகக் கண்ணில் விழும். அட்டகட்டி வந்ததும் வெயிலின் சூடு இறங்கும், கவர்க்கல் பக்கம் மூடுபனி தட்டுப்படும், ரொட்டிக்கடையும் புதுத்தோட்டமும் கடந்தால் ஊர். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி. கோடை மழை ஒன்று முன்கூட்டியே பெய்திருந்தால் காப்பித் தோட்டங்கள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகையை ஒத்த மணம் சாலை வரை வரும். தமிழ்நாட்டில் வசந்த காலத்தில் காரில் போக இதைவிட அழகான வழி அதிகம் இல்லை. அதனால்தான் இந்தப் பயணத்தை நாம் எப்படிச் செய்கிறோம் என்பதை உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. வால்பாறைக்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று நாம் ஏறி வரும் தார்ச்சாலை. மற்றொன்று ஆறு. யானைக்கும் நீர்நாய்க்கும் இன்னும் பல உயிர்களுக்கும் அந்தப் பீடபூமியைக் கடக்க எஞ்சியிருக்கும் வழி ஆறும் அதன் கரைக்காடும்தான். முதல் பாதையில் வருகிற நாம் வண்டியை நிறுத்திக் கால் நனைப்பது இரண்டாவது பாதையின் நடுவில். எத்தனை வண்டிகள் மேலே போகலாம் என்று வாசலில் எண்ணுவதோடு இந்தச் சிக்கல் தீராது. எங்கே நிற்கிறார்கள், எந்த நேரத்தில் நிற்கிறார்கள் என்பதைத்தான் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும். கோடை மாதங்களிலாவது சொந்த வாகனத்தின் இடத்தில் பேருந்து வர வேண்டும்.

ஆறு எப்படிப் பாதையானது என்பதற்கு வால்பாறையின் நிலம்தான் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இங்கே வந்தபோது இது முழுவதும் மழைக்காடு. அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பீடபூமியின் பெரும்பகுதி தேயிலையாகவும் காப்பியாகவும் ஏலமாகவும் மாறியது. மழைக்காடு அங்கங்கே துண்டுகளாகத் தேயிலைக்கு நடுவில் நின்றுவிட்டது. இவற்றைத் தவிர மரம் மிச்சமிருந்தது செங்குத்துச் சரிவுகளில், சதுப்பான பள்ளங்களில், ஓடைக் கரைகளில். நடு ஆறும் சோலையாறும் அவற்றின் கிளை ஓடைகளும் போகும் இடமெல்லாம் ஒரு மெல்லிய பச்சைக் கோடு. பீடபூமியைச் சுற்றி நாலாபுறமும் காடு: தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளமும் வாழச்சாலும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக வேண்டிய யானைக்கூட்டம் நடுவில் இருக்கும் தேயிலையைக் கடந்தாக வேண்டும். தேயிலையில் அதற்குத் தீனியும் இல்லை, மறைவும் இல்லை. ஆகவே பகலில் மழைக்காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோரக் காட்டிலும் ஒதுங்கி நின்று, பொழுது சாய்ந்த பிறகு நகர்கிறது. நீண்ட காலமாக வால்பாறையில் தங்கி ஆய்வு செய்துவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் யானை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது இதைத்தான். நடு ஆறு, சோலையாற்றுக் கரைகளை யானைகள் விரும்பித் தேடி வருகின்றன. வெறும் தேயிலையை முடிந்தவரை தவிர்க்கின்றன.

கோடை இந்த நெருக்கத்தைக் கூட்டிவிடுகிறது. வால்பாறையின் மழை பெரும்பாலும் ஆனியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருவது. மாநிலத்திலேயே மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இங்கேதான் இருக்கிறது. பங்குனிக்குள் அந்த மழையின் மிச்சம் மெலிந்துபோகும். சிற்றோடைகள் பலவும் வற்றி, ஓடும் தண்ணீர் சில ஆறுகளோடு நின்றுவிடும். விலங்குகள் அந்தத் தண்ணீருக்கு வரும். சோலையாறு அணைக்குப் போகும் வழியில் உள்ள கூழாங்கல் ஆற்றுக்கு நாமும் அதே தண்ணீருக்காகத்தான் வருகிறோம். முழங்கால் ஆழம், தெளிந்த நீர், காலடியில் வழவழப்பான கற்கள், கரையிலேயே வண்டி நிறுத்த இடம். குடும்பங்களுக்கு இதைவிட இதமான இடம் கிடையாது என்பது உண்மை. பிற்பகலில் வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, இருட்டும் வரை நின்றுவிட்டுக் கிளம்புகிற பழக்கமும் உண்மை. யானை நகரத் தொடங்கும் நேரமும் அதுதான்.

நேரம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு வால்பாறையே பதில் வைத்திருக்கிறது. அங்கே யானையால் இறந்தவர்களில் பலர் வீட்டுக்குள் இருந்தவர்கள் அல்லர். மாலையிலோ இரவிலோ சாலையிலும் எஸ்டேட் வழிகளிலும் எதிரே யானை நிற்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்கு நடந்து போனவர்கள், கடைவீதியிலிருந்து திரும்பியவர்கள். ஆகவே தேவைப்பட்டது வேலியும் வெடியும் அல்ல, தகவல். முதலில் உள்ளூர்க் கேபிள் டிவியின் அடியில் ஓடும் வரியாக, யானை இன்று எந்த எஸ்டேட் அருகே நிற்கிறது என்று சொன்னார்கள். 2011 முதல் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் பிறகு குரல் அழைப்பும் தமிழில் போயின. ஊரின் முக்கியமான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். யானை ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்தப் பகுதி மக்களே கைப்பேசி மூலம் விளக்கை எரியவிடலாம். வனத்துறை, எஸ்டேட் நிர்வாகங்கள், தொழிலாளர்கள், ஆய்வாளர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்திய ஏற்பாடு. உயிரிழப்பு குறைந்தது. இதற்காக நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-ல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. இந்தியாவில் மனிதரும் யானையும் ஒரே நிலத்தில் வாழக் கற்றுக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று சொல்வது கடினம் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது வெளியூர்க் காரை அந்த ஏற்பாட்டுக்குள் வைத்துப் பாருங்கள். அதில் வருபவரின் எண் குறுஞ்செய்திப் பட்டியலில் இருக்காது. கேபிள் டிவி பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. சாலையோரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது எதற்கு என்று தெரியாது. தெரிந்தாலும், யானையைப் பார்த்துவிடலாம் என்று அந்தப் பக்கமே வண்டியைத் திருப்புகிறவர்களும் உண்டு. இருபது ஆண்டுகளாக உள்ளூர்க்காரர்கள் பழகிச் சேர்த்த எச்சரிக்கை அறிவு முழுவதும் அவரைத் தொடாமல் போய்விடுகிறது. 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் பைக்கில் வந்த ஜெர்மானியர் ஒருவர் யானை தாக்கி இறந்தார். சாலையில் யானை நின்றதால் மற்ற வண்டிகள் நின்றிருந்த நேரம் அது. 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் குளிக்க இறங்கிய கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்கள். இரண்டும் வெவ்வேறு விபத்துகள்தான். ஆனால் இரண்டிலும் உள்ளூர்க்காரர் அறிந்திருந்தது வந்தவரை எட்டவில்லை: எந்த இடத்தில் சுழல், எந்த நேரத்தில் யானை.

யானை மட்டும்தானா என்றால், வசந்தம் மற்ற உயிர்களுக்கும் தொந்தரவு செய்யக் கூடாத காலம். வரையாடு குட்டி ஈனுவது தை முதல் பங்குனி வரை. மூணாறுக்குப் பக்கத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவை இதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள். அதே ஆடு ஆழியாற்று மலைச்சாலையில் ஒன்பதாவது வளைவை ஒட்டிய பாறைகளில் குட்டியோடு இறங்கி வருகிறது. அங்கே அதற்காக நாம் ஒரு நாள்கூட எதையும் நிறுத்துவதில்லை. இருவாச்சிக்கு இது கூட்டில் அடையும் பருவம். பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை அத்திப்பழத்தைத் தேடித் தேடிக் கொண்டுவந்து ஒரு சிறு துளை வழியே ஊட்டும். அந்த ஆண் பறவைக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருப்பவற்றின் கதி கேள்விக்குரியது. ஆற்றின் பாறை இடுக்குகளில் குட்டை நகம் கொண்ட சிறு நீர்நாய் வாழ்கிறது. தேயிலைக்கு நடுவே ஓடும் ஓடைகளில்கூட அது தாக்குப்பிடிப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன, கரையில் மறைவு இருந்தால். புதுத்தோட்டத்தில் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு சாலைக்கே வந்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு, சிப்ஸ் பாக்கெட்டுக்காகக் கார் கண்ணாடியில் தொங்குகிறது. சாலையில் அடிபட்டுச் செத்தவை பல. மரத்துக்கு மரம் தாண்டச் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டினார்கள், வண்டியின் வேகத்தைக் குறைக்கச் சொல்ல ஆட்களை நிறுத்தினார்கள். பாலத்தின் மேல் குரங்கு போவதைப் பார்க்க ஆனந்தமாக இருக்கும். கீழே ஒருவர் ஜன்னல் வழியே வாழைப்பழம் நீட்டினால் பாலம் கட்டிய உழைப்பு வீணாகிவிடும்.

இனி எதிர்வாதங்கள். மிகக் கனமானதை முதலில் எடுத்துக்கொள்வோம்: காட்டை அழித்தது தேயிலைக் கம்பெனிகள், ஆற்றை மறித்தது அரசாங்கம், இப்போது இரண்டு நாள் குளிர்காற்று வாங்க வரும் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என்ன நியாயம்? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. எஸ்டேட்டுகளின் வரலாறு காட்டுக்கும் கொடுமை, மனிதருக்கும் கொடுமை. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மற்ற வறண்ட மாவட்டங்களிலிருந்தும் முன்பணம் காட்டி அழைத்து வரப்பட்டவர்கள் மலேரியாவிலும் அட்டைக்கடியிலும் கங்காணியின் அதிகாரத்திலும் மாண்டதை, ஆனைமலை எஸ்டேட்டுகளில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் தமிழில் தந்த ‘எரியும் பனிக்காடு’ அதுதான். பாலாவின் ‘பரதேசி’ திரைப்படம் பிறந்ததும் அதிலிருந்துதான். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டமும் சின்ன மாற்றம் அல்ல. மேற்கே கேரளத்துக்கு ஓடவேண்டிய நீராறு, சோலையாறு போன்ற ஆறுகளின் தண்ணீரை அணைகளாலும் மலைக்குள் குடைந்த சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பிய திட்டம் அது. 1960-களில் கட்டப்பட்டு, 1970-ல் இரு மாநில ஒப்பந்தமாகி, இன்றும் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் லட்சக்கணக்கான ஏக்கர் பாசனம் அதை நம்பியிருக்கிறது.

ஆனால் இந்த வரலாறு நம்மை விடுவிக்கவில்லை, நம்முடைய கணக்கை இன்னும் பெரிதாக்குகிறது. வால்பாறைக்கு வாரக் கடைசியில் ஏறும் வண்டிகளில் பலவும் கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களிலிருந்து வருபவை. அந்தப் பக்கங்களின் தென்னையிலும் கரும்பிலும் குழாய்த் தண்ணீரிலும் ஒரு பகுதி இந்த மலையின் மழையில் நிற்பது. முன்பே நிறைய எடுத்துக்கொண்ட இடத்தில் மிச்சம் இருப்பதைக் காப்பது எடுத்துக்கொண்டவர்களின் கடமை. அதோடு, கம்பெனிகள் காட்டை வெட்டியபோது தெரியாமலோ தெரிந்தோ ஓடைக்கரைகளை விட்டுவைத்தார்கள். அந்த மெல்லிய கோட்டில்தான் இன்று எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கிறது. நூறு ஏக்கர் காட்டில் பத்துப் பேர் நடப்பதும், பத்து மீட்டர் அகலமுள்ள கரைக்காட்டில் ஐந்நூறு பேர் நிற்பதும் ஒன்றாகாது. எஸ்டேட் நிர்வாகங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது: ஓடையோரத்தில் தேயிலையைப் பின்னுக்குத் தள்ளி நாட்டு மரங்களை நடுவது. சில எஸ்டேட்டுகள் ஆய்வாளர்களோடு சேர்ந்து மழைக்காட்டுத் துண்டுகளில் அதைச் செய்தும் வருகின்றன. அந்த மரங்கள் வளர்ந்து நிழல் தர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். கரையில் கார் நிறுத்துவதை ஒரு கோடைக்குள் நிறுத்திவிடலாம்.

பிழைப்பு பற்றிய எதிர்வாதம் வால்பாறைக்காரர்களுடையது. ஆகவே அதை மரியாதையோடு கேட்க வேண்டும். தேயிலை வேலை சுருங்கிவிட்டது. பிள்ளைகள் படித்து, திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். 2001-க்கும் 2011-க்கும் நடுவே நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. காலியான லைன் வீடுகளுக்கு அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள்.  இந்த நிலையில் ஹோம்ஸ்டேயும் டீக்கடையும் ஜீப்பும் பலருக்குக் கைகொடுக்கின்றன. பயணிகள் வராமல் போனால் ஊர் இன்னும் காலியாகும். சரி. ஆனால் எந்தப் பயணி ஊருக்கு வருமானம் தருகிறார்? காலையில் சமவெளியிலிருந்து சாப்பாட்டுக் கூடையோடு ஏறி, ஆற்றில் குளித்து, குப்பையை விட்டு, இரவுக்குள் இறங்கிவிடும் கார் தருவது ஒரு டீயும் பெட்ரோலும், அதுவும் பெட்ரோலைக் கீழேயே போட்டிருந்தால் டீ மட்டும். பேருந்தில் வந்து இரண்டு நாள் தங்குபவர் அறைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ளூர் ஜீப்புக்கும் செலவழிக்கிறார். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதை அந்த ஊர் ஓட்டுநர் தீர்மானிக்கிறார். யானை எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அந்த ஓட்டுநரின் கைப்பேசிக்கு வரும். சொந்த வண்டி குறைந்தால் ஊரின் பிழைப்பு பெருக வாய்ப்பிருக்கிறது. குறைந்துபோவது கரையோர நெரிசல்.

மலைக்கு ஏறும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே பதிந்து பெற வேண்டிய இ-பாஸ் ஏற்கெனவே வந்துவிட்டதே, அது போதாதா என்று கேட்கலாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் வந்த இ-பாஸ், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் கட்டாயமானது. நல்ல தொடக்கம், யார், எத்தனை பேர், எப்போது வருகிறார்கள் என்ற கணக்கு முதல்முறையாக அரசின் கையில் சேரும். ஆனால் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும் பாஸ் வெறும் பதிவேடு. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது போல வால்பாறைக்கும் ஓர் எண்ணை வைத்தாலும் பாதிக் காரியம்தான். ஊட்டி பெரிய நகரம், வண்டிகள் பல திசைகளில் பிரிந்துவிடும். வால்பாறையில் நிற்க இருக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை, அவற்றில் பலவும் தண்ணீர்க் கரைகள். வரம்புக்கு உட்பட்ட வண்டிகளே மாலை ஐந்து மணிக்கு ஒரே கரையில் சேர்ந்தால், யானைக்கு வழி அடைபட்டதுதான்.

செய்ய வேண்டியது கண்டுபிடிக்கப்படாத ஒன்றல்ல. இரவிகுளத்தில் சொந்த வண்டியை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் உள்ளே போகிறோம். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. டாப்ஸ்லிப்பிலும் காட்டுக்குள் போவது வனத்துறை வண்டியில்தான். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அரசுப் பேருந்து பல பத்தாண்டுகளாக ஓடுகிறது; நாற்பது வளைவையும் அந்த ஓட்டுநர்கள் ஒடித்துத் திருப்பும் லாவகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாசி முதல் வைகாசி வரை ஆழியாற்றில் பெரிய வண்டி நிறுத்துமிடம், அங்கிருந்து அரை மணிக்கு ஒரு சிற்றுந்து, ஊருக்குள் சுற்றுமுறையில் ஓடும் வண்டிகள். தங்கும் அறை பதிவு செய்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் காரில் வர அனுமதி. கூழாங்கல் ஆறு உள்ளிட்ட கரைகள் பிற்பகல் நான்கு மணிக்கு மூடப்படும். குளிக்கத் தகுந்த பகுதி கயிறு கட்டி வரையறுக்கப்பட்டு, உயிர்காப்போர் நிறுத்தப்படுவர். ஒன்பதாவது வளைவில் குட்டி ஈனும் காலம் முடியும் வரை வண்டி நிறுத்தத் தடை. பாஸ் வாங்கும்போதே கைப்பேசி எண் யானை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்ந்துவிட வேண்டும். பயணி மலையை விட்டு இறங்கியதும் எண் நீங்கிவிடலாம். எச்சரிக்கை அமைப்பு ஏற்கெனவே இயங்குகிறது, எண்ணும் அரசிடம் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஓர் உத்தரவு வேண்டும், அவ்வளவே.

இதனால் ஏழைகளுக்கு மலை எட்டாமல் போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். வால்பாறை ஊட்டியைப் போலச் செலவு வைக்காத, சாதாரணக் குடும்பங்களின் மலை என்பது சரிதான். ஆனால் சாதாரணக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றிடம் கார் கிடையாது. தட்டுப்பாடான பேருந்தில் நின்றுகொண்டு வருபவர்கள் அவர்கள். அரை மணிக்கு ஒரு பேருந்து வந்தால் முதலில் பயனடைபவர்களும் அவர்களே. கைப்பேசி வழி மட்டுமே பாஸ் என்றால் அது சிலரை விலக்கும் என்ற கவலையும் நியாயம்; பேருந்துப் பயணச்சீட்டையே பாஸாகக் கொள்ளலாம், சாவடியிலேயே எண்ணைப் பதிந்து கொள்ளலாம்.

கடைசியாக, உள்ளூர் மக்களின் நடமாட்டம். 2022-ல் சத்தியமங்கலம் காட்டு வழியான திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்கு உயர்நீதிமன்றம் தடை போட்டபோது, அந்தப் பாதையை நம்பியிருக்கும் தாளவாடி மக்கள் கொதித்தெழுந்தார்கள். காய்கறி கெடும், பிரசவம் காத்திராது, இரண்டும் உண்மை. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு வேண்டிப் போராட வேண்டியிருந்தது. வால்பாறையில் அந்தத் தவறு நேரக் கூடாது. எஸ்டேட் பெண் ஒருவர் இரவில் நெஞ்சுவலியோடு பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கினால் எந்தச் சாவடியும் கேள்வி கேட்கக் கூடாது. நகராட்சி எல்லைக்குள் வசிப்பவர், பணிபுரிபவர், பால், காய்கறி, எரிவாயு கொண்டுவரும் வண்டிகள் அத்தனைக்கும் நிரந்தர அனுமதி, ஒருமுறை பதிந்தால் போதும். மலையில் நல்ல மருத்துவமனை வசதி கூடினால் அந்த இரவுப் பயணங்களே பாதியாகக் குறையும். சுற்றுலா வண்டிக்கு வசூலிக்கும் கட்டணத்தை முதலில் அதற்குச் செலவழிக்கலாம். அடுத்த பங்குனிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. நகராட்சி, வனத்துறை, போக்குவரத்துக் கழகம், எஸ்டேட் நிர்வாகங்கள், தொழிற்சங்கங்கள் ஐந்தும் ஒரே மேசையில் உட்கார்ந்து நேர அட்டவணை போடத் தேவையான கால அளவு அதில் தாராளமாக அடங்கும்.